பாகங்கள் எல்லாம் ஒரே ஆண்டைச் சொல்கின்றனவா? அரிய பழைய கைக்கடிகாரத்தை ஏலத்தில் வாங்கும் முறை

2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஓர் ஏலத்தில், 1957ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று விவரிக்கப்பட்ட ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரம் ஒன்று 31,15,500 சுவிஸ் பிராங்குக்கு விலைபோனது. கேட்டலாக்கில் அதற்குப் போட்டிருந்த மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 பிராங்குவரைதான். வாங்கியது வேறு யாரும் அல்லர், ஒமேகா நிறுவனமே தன் அருங்காட்சியகத்துக்காக வாங்கியது. 2023இல் அதே நிறுவனம், அந்தக் கடிகாரம் வெவ்வேறு பழைய கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கோத்தது என்றும், முன்பு தன்னிடம் பணியாற்றிய சிலருக்கு அந்த வேலையில் தொடர்பு உண்டு என்றும் அறிவித்தது. இத்தகைய ஒட்டுக் கடிகாரத்தைச் சேகரிப்பாளர்கள் 'பிராங்கன் வாட்ச்' என்பார்கள். அதிலுள்ள பாகங்களைத் தனித்தனியே பார்த்தால் பெரும்பாலும் அசலாகவே இருக்கும், சேர்ந்திருப்பதுதான் பொய்.

உற்பத்தி செய்த நிறுவனமே தடுமாறிய இடத்தில் தனி ஒருவர் எப்படித் துணிந்து கை தூக்குவது என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள விடை ஒன்றே. பழைய கடிகாரத்தின் டயல், முள், உறை, உள்ளிருக்கும் இயந்திரம், கூட வரும் காகிதம் ஆகிய ஒவ்வொன்றும் தான் எந்த ஆண்டில் பிறந்தது என்பதைத் தனித்தனியே சொல்லிக்கொண்டிருக்கிறது. அவை எல்லாம் ஒரே ஆண்டைச் சொல்கின்றனவா என்று ஏலத்துக்கு முன்பே சரிபார்ப்பதுதான் வாங்குபவரின் உண்மையான வேலை. கூடத்தில் நடப்பது சில நிமிடக் காரியம்.

எந்தக் கடிகாரம் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

'நல்ல பழைய கடிகாரம் ஒன்று வேண்டும்' என்று ஏலத்துக்குப் போகிறவர், கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிவதை வாங்கிக்கொண்டு திரும்புவார். ஒரு நிறுவனம், அதில் ஒரு மாடல் எண் என்று சுருக்கிக்கொண்டு, அந்த எண்ணில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏலத்துக்கு வந்த கடிகாரங்களின் படங்களையும் விலைகளையும் திரட்டிப் பார்ப்பவருக்கே கண் பழகும். பெரிய ஏல நிறுவனங்கள் தம் பழைய ஏல முடிவுகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன; அதைவிட நல்ல பாடநூல் இந்தத் துறையில் இல்லை. ஐம்பது டயல்களைப் பெரிதாக்கிப் பார்த்தவருக்கு ஐம்பத்தோராவது டயலில் ஓர் எழுத்து தடித்திருப்பது தானாகவே உறுத்தும்.

அருமை என்பது எதனால் வருகிறது என்பதையும் இந்தத் திரட்டல்தான் கற்றுத்தரும். பாட்டெக் பிலிப் நிறுவனம் 1941இல் கொண்டுவந்த 1518 என்ற மாடல், மாத நாட்களையும் லீப் ஆண்டையும் தானே கணக்கிடும் நிரந்தர நாட்காட்டியும், பொத்தானை அழுத்தி நேரத்தை அளக்கும் குரோனோகிராஃபும் ஒன்றாக அமைந்த கைக்கடிகாரம். மொத்தம் 281 செய்யப்பட்டதாகக் கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை தங்க உறையில் வந்தன. எஃகு உறையில் உலகறிய இருப்பவை நான்கே. அந்த நான்கில் ஒன்று 2016 நவம்பரில் ஜெனீவாவில் 1,10,02,000 பிராங்குக்குப் போனது. மலிவான உலோகம் தங்கத்தைப் பல மடங்கு தாண்டிய விந்தை இது; அன்று அவ்வளவு நுட்பமான இயந்திரத்தை எஃகில் கேட்டு வாங்கியவர்கள் அரிது என்பதே காரணம்.

ரோலக்ஸ் டேடோனாவில் கதை வேறு. 1963இல் வந்த 6239 மாடலில், டயலுக்குள் அமைந்த சிறிய உள்வட்டங்களின் குறிகள் சிறு சதுரங்களாக முடியும் அலங்கார டயல் ஒன்று உண்டு. கடைகளில் அது எளிதில் விற்கவில்லை. பிறகு நடிகர் பால் நியூமன் அணிந்ததால் அந்த வகை டயலுக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கே புதியவர்கள் குழம்புவது இயல்பு: 'பால் நியூமன் டேடோனா' என்று கேட்டலாக்கில் வருவது டயலின் வகையை மட்டுமே குறிக்கும். அவருடைய சொந்தக் கடிகாரம், வண்டியைப் பார்த்து ஓட்டும்படி அவருடைய மனைவி பின்மூடியில் பொறித்துக் கொடுத்தது, 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் 1,77,52,500 டாலருக்கு விற்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள விலை வேறுபாடு முழுவதும் கைமாறி வந்த வரலாற்றின் விலை.

டயலில் நேரத்தைச் செலவிடுங்கள்

பழைய கடிகாரத்தின் மதிப்பில் பெரும்பங்கு டயலில் இருக்கிறது. இயந்திரத்தைப் பழுதுபார்க்கலாம், பட்டையை மாற்றலாம். டயலைத் துடைத்து மறுபடி அச்சிட்டுவிட்டால் போனது போனதுதான். முன்பெல்லாம் டயல் மங்கினால் அதைப் புதிதாக்கித் தருவதைக் கடிகாரக்காரர்கள் நல்ல சேவையாகவே நினைத்தார்கள், வாங்கியவரும் மகிழ்ந்தார். அதனால் மோசடி எண்ணமே இல்லாமல் கெடுக்கப்பட்ட டயல்கள் ஏராளம்.

மறு அச்சை எழுத்துகளில் பிடிக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கும்போது, நிறுவனப் பெயரின் எழுத்துகள் ஒரே தடிப்பில் இருக்கின்றனவா, முனைகள் கூர்மையாக முடிகின்றனவா, நிமிடக் கோடுகள் உள்வட்டத்தின் விளிம்பை மீறி ஓடுகின்றனவா என்று பாருங்கள். பாட்டெக் பிலிப்பின் பழைய டயல்களில் பெயர் எனாமலில் பதித்துச் சுடப்பட்டிருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்து சற்று மேடாகத் தெரியும். அந்த மேடு தேய்ந்து எழுத்து மெலிந்திருந்தால் டயல் கடுமையாகக் கழுவப்பட்டிருக்கிறது என்று பொருள். கேட்டலாக்கின் நேர்முகப் படத்தில் இது தெரியவே தெரியாது, சாய்த்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

இருட்டில் ஒளிரும் பூச்சு அடுத்த சாட்சி. 1960களின் தொடக்கம்வரை பெரும்பாலும் ரேடியம், அதன்பின் 1990களின் இறுதிவரை டிரிட்டியம், பிறகு கதிரியக்கமற்ற பூச்சு என்பது பொதுவான வரிசை. டிரிட்டியம் பூசிய டயலின் முகப்பில் கீழ் ஓரத்தில், சுவிஸ் என்ற சொல்லை ஒட்டி ஆங்கில 'T' எழுத்து பெரும்பாலும் இருக்கும். 1958ஆம் ஆண்டு ரோலக்ஸில் வெறும் சுவிஸ் என்ற சொல் மட்டும் இருந்தால் அது இயல்பு. 1970ஆம் ஆண்டு ரோலக்ஸில் அப்படி இருந்தால், 1990களின் இறுதிக்குப் பிறகு பழுதுபார்க்கும்போது நிறுவனமே மாற்றிப் பொருத்திய டயலாக இருக்க வாய்ப்பு அதிகம். 'சர்வீஸ் டயல்' என்று அழைக்கப்படும் அது போலி இல்லை. ஆனால் வேறோர் ஆண்டைச் சொல்கிறது, விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

டிரிட்டியத்தின் அரை ஆயுட்காலம், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 ஆண்டுகள். 1965இல் பூசியதில் இன்று ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். ஆகவே அத்தகைய டயல் விளக்கு வெளிச்சம் பட்டபின் இருட்டில் நெடுநேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால், பூச்சு புதிது. புற ஊதா விளக்கின் கீழ் டயலிலுள்ள பூச்சும் முட்களிலுள்ள பூச்சும் வெவ்வேறு நிறத்தில் மினுங்கினால், முட்களோ டயலோ பின்னர் வந்தவை, அல்லது இரண்டில் ஒன்றுக்கு மறுபூச்சு நடந்திருக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுட்காலம் சுமார் 1,600 ஆண்டுகள் என்பதால் கதை தலைகீழ்: ஒளிரச் செய்யும் பொருள் தீர்ந்துபோய் டயல் இருட்டில் ஒளிராது, கதிரியக்கமோ அப்படியே இருக்கும், அதை அளக்கும் கைகர் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ரேடியம் டயல் கொண்ட கடிகாரத்தை ஆர்வத்தில் நீங்களே திறந்து பார்க்க வேண்டாம்; உதிரும் தூள் மூச்சில் போகக்கூடியது.

கறுப்பு டயல் வெயிலில் பழுப்பேறுவதை 'டிராப்பிகல்' என்று அழகாகப் பெயரிட்டு அதிக விலை கேட்பார்கள். சாயத்தின் குறை ஒன்று காலப்போக்கில் அணியாக மாறிய வேடிக்கை அது. பழுப்பு சீராகப் பரவியிருந்தால் கண்ணுக்கு இனிமைதான் என்பதை மறுக்க மாட்டேன். திட்டுத்திட்டாக இருக்கும் டயலுக்கும் அதே பெயரைச் சூட்டியிருந்தால், ஈரம் புகுந்த கறைக்கு நாம் பணம் கொடுக்கிறோம் என்றே எண்ண வேண்டும்.

உறையும் இயந்திரமும்

உறையில் பார்க்க வேண்டியது தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதையே. பட்டையைப் பிடிக்கும் நான்கு கொம்புகளும் ஒரே அகலத்தில் இருக்கின்றனவா, அவற்றின் சரிவான ஓரங்கள் கோடு போலத் தெரிகின்றனவா, தங்கமானால் அதன் தரத்தைக் காட்டும் முத்திரைக் குறி ஆழமாக இருக்கிறதா, பட்டைத் துளைகள் ஓரத்துக்கு மிக நெருங்கிவிட்டனவா என்று பாருங்கள். பலமுறை மெருகிட்ட உறை சோப்புக்கட்டி போல வழவழப்பாகிவிடும். லேசர் கொண்டு உலோகம் சேர்த்துத் தேய்ந்த ஓரங்களை மீட்டெடுப்பதும் இன்று நடக்கிறது. ஆகவே எழுபது ஆண்டு அணிந்த தடம் டயலில் இருந்து, உறை மட்டும் நேற்றுச் செய்தது போல் இருந்தால் அதற்குக் காரணம் கேட்க வேண்டும். பழைய ரோலக்ஸில் வரிசை எண்ணும் மாடல் எண்ணும் கொம்புகளுக்கு இடையே, பட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும். பட்டையைக் கழற்றி எடுத்த படம் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள்.

இயந்திரத்தின் எண்ணும் உறையின் எண்ணும் பிறந்த நாள் முதல் ஒன்றாக இருந்தவையா என்பதற்குச் சில நிறுவனங்கள் எழுத்தில் விடை தருகின்றன. பாட்டெக் பிலிப் வழங்கும் ஆவணக் காப்பகச் சான்றில், அந்த இரண்டு எண்களோடு செய்த ஆண்டு, முதலில் விற்ற நாள், உறையின் உலோகம் முதலியவை இருக்கும். வாங்கியவரின் பெயர் இராது. ரோலக்ஸ் அத்தகைய சான்று தருவதில்லை. ரோலக்ஸ் வாங்குபவர் கண்ணையும் ஒப்பீட்டையும் நம்ப வேண்டியிருப்பது அதனால்தான். காப்பகச் சான்று இருந்தாலும் அதை அளவுக்கு மீறி நம்பக்கூடாது: அந்த எண்களைக் கொண்ட கடிகாரம் அந்த நாளில் விற்றது என்று அது உறுதி சொல்கிறதே தவிர, இன்று அந்த உறைக்குள் இருக்கும் டயல் அன்றிருந்த டயல்தான் என்று எங்கும் சொல்லவில்லை.

பெட்டியும் உத்தரவாதக் காகிதமும் கூட இருப்பது நல்லது. ஆனால் பழைய பெட்டிகளும் எழுதாத வெற்றுக் காகிதங்களும் தனியாகவே விலைக்குக் கிடைக்கும் என்பது மனதில் இருக்கட்டும். புகழ்பெற்றவரின் உடைமையாக இருந்தது என்ற கூற்றுக்கு அக்காலப் புகைப்படம், ரசீது, குடும்பத்தாரின் எழுத்து என்று ஏதேனும் ஆதாரம் வேண்டும். வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாய் 1954இல் ஜெனீவாவில் வாங்கிய 6062 மாடல் ரோலக்ஸ், 2017 மே மாதம் அதே ஊரில் 50,60,427 பிராங்குக்கு விற்றது. யார் கையில் இருந்தது என்பது தெளிவாகத் தெரிந்திருந்த கடிகாரம் அது. 'ஒரு பிரமுகரின் குடும்பத்திலிருந்து' என்ற மொட்டை வாசகத்துக்கு நான் ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன்.

நிலை அறிக்கையை எப்படி வாசிப்பது

ஏல நிறுவனம் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது தனி எண்ணிட்டு ஏலத்துக்கு வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், நிலை அறிக்கை தரும். கேட்டலாக்கில் இல்லையென்றால் கேட்டு வாங்கலாம். அதில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதே முக்கியம். 'உறை மிக நல்ல நிலையில் உள்ளது' என்பது மெருகிடப்படவில்லை என்று பொருள்படாது. 'டயல் அசல்' என்று சொல்லி முட்களைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால், முட்களைப் பற்றித் தனியே கேளுங்கள். கேள்வியை ஆம், இல்லை என்று விடை வரும்படி அமைக்க வேண்டும்: டயலுக்கு மறு அச்சோ மறுபூச்சோ நடந்ததற்கான அடையாளம் உண்டா, முட்கள் அக்காலத்தவையா, சாவி கொடுக்கும் குமிழ் மாற்றப்பட்டதா, உறையில் உலோகம் சேர்க்கப்பட்டிருக்கிறதா. விடையை மின்னஞ்சலில் பெறுங்கள். தொலைபேசியில் சொன்ன இனிய சொல் பின்னால் உதவாது.

முடிந்தால் ஏலத்துக்கு முந்தைய காட்சி நாட்களில் நேரில் போய்க் கையில் எடுத்துப் பாருங்கள். பெரிய ஏலங்கள் ஜெனீவாவில் பொதுவாக மே, நவம்பர் மாதங்களில் நடக்கின்றன. நியூயார்க், ஹாங்காங் நகரங்களுக்கும் தனிப் பருவங்கள் உண்டு. சில நாட்களுக்கு முன்பே கடிகாரங்களைப் பார்வைக்கு வைப்பார்கள், உண்மையாக வாங்க நினைப்பவர் கேட்டால் பின்மூடியைத் திறந்தும் காட்டுவார்கள். குரோனோகிராஃப் பொத்தானை அழுத்தினால் முள் உடனே கிளம்பி, நிறுத்தியபின் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும். நாட்காட்டிக் கடிகாரத்தில் தேதியை நீங்களாக மாற்றிப் பார்க்காதீர்கள். இரவு 9 மணிக்கும் பின்னிரவு 3 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தை முட்கள் காட்டும்போது தேதியைத் தள்ளினால் பற்சக்கரம் உடையக்கூடும். அந்த வேலையை அங்குள்ள நிபுணரிடம் விடுவதே நாகரிகம். ஓட்டத் துல்லியத்துக்கும், நீர் புகாத தன்மைக்கும் ஏல நிறுவனம் பொறுப்பேற்பதில்லை.

மொத்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

ஏலம் முடியும்போது சுத்தி தட்டும் விலை நீங்கள் கொடுக்கும் விலை ஆகாது. அதன்மேல் வாங்குபவர் கமிஷன் உண்டு. நிறுவனத்துக்கும் தொகைக்கும் ஏற்ப மாறும், நான்கில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோ சாதாரணம். அதற்கும் மேலே கடிகாரம் போய்ச் சேரும் நாட்டின் வரி, காப்பீடு, அனுப்பும் செலவு, பெரும்பாலும் ஒரு பழுதுபார்ப்பு. ஆகவே கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். கையிலுள்ளது மொத்தம் 1,00,000 என்று கொள்வோம். பழுதுபார்க்கவும் அனுப்பவும் 5,000 ஒதுக்கினால் மிஞ்சுவது 95,000. வரி 8 சதவீதம் என்றால் 1.08ஆல் வகுக்க, சுமார் 87,960. கமிஷன் 26 சதவீதம் என்றால் 1.26ஆல் வகுக்க, சுமார் 69,800. ஒரு லட்சம் வைத்திருப்பவர் கூடத்தில் 70,000க்குக் கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது, ஏனெனில் எதிரே இன்னொரு கை உயரும்போது இந்த வகுத்தல் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மதிப்பீட்டைக் கடிகாரத்தின் உண்மை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்பவரும் நிறுவனமும் இரகசியமாக ஒத்துக்கொண்ட குறைந்தபட்ச விலை ஒன்று இருக்கும், அது வழக்கமாகக் கீழ் மதிப்பீட்டைத் தாண்டாது. கூட்டத்தை இழுக்க வேண்டுமென்றே தாழ்த்திப் போடும் மதிப்பீடுகளும் உண்டு. லாட் எண்ணுக்கு அருகிலுள்ள சிறு குறியீடுகளையும் விடாமல் பாருங்கள்: நிறுவனத்துக்கே அந்தக் கடிகாரத்தில் பண ஈடுபாடு இருக்கிறதா, வெளியார் ஒருவர் குறைந்தபட்ச விலைக்கு உறுதி கொடுத்திருக்கிறாரா, தற்காலிகமாக இறக்குமதியான கடிகாரம் என்பதால் வரி சேருமா என்பதெல்லாம் அந்தக் குறிகளில்தான் ஒளிந்திருக்கும்.

ஏல நாள்

பதிவை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அடையாளச் சான்றோடு வங்கி ஆதாரமும் கேட்பார்கள், விலையுயர்ந்த லாட்டுக்கு முன்பணமும் கேட்கலாம். நேரில், தொலைபேசியில், இணையத்தில் கேட்கலாம், அல்லது உச்ச விலையை எழுதிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கடைசி வழியில் நிறுவனம் உங்களுக்காக இயன்ற குறைந்த விலையில் கேட்கும். இருவர் ஒரே தொகையை எழுதியிருந்தால் முதலில் வந்ததற்கே முன்னுரிமை. தன் கட்டுப்பாட்டில் ஐயம் உள்ளவருக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்.

விலை பொதுவாகப் பத்து சதவீதப் படிகளில் ஏறும். குறைந்தபட்ச விலையை எட்டும்வரை ஏலம் விடுபவரே விற்பவர் சார்பில் விலையை ஏற்றிச் செல்ல விதிகள் இடம் தருகின்றன. ஆகவே தொடக்கத்தில் கேட்கும் எண்கள் எல்லாம் போட்டியாளர்களுடையவை என்று நினைத்துப் பதற வேண்டாம். பால் நியூமனின் கடிகாரத்துக்குத் தொலைபேசியில் இருந்த ஒருவர் எடுத்த எடுப்பிலேயே 1 கோடி டாலர் கேட்டு அரங்கையே திகைக்க வைத்தார். அதனால் மற்றவர்கள் பின்வாங்கிவிடவில்லை, மேலும் 50 லட்சத்துக்கும் அதிகமாக ஏறிய பிறகே ஏலம் முடிந்தது. மிரட்டும் தொடக்கம் எப்போதும் வெல்வதில்லை. விற்காமல் போன லாட்டுக்கு ஏலம் முடிந்தபின் விலை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. நிதானமாக வாங்கும் வாய்ப்பு சில சமயம் அங்கேதான் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலை போன்ற காப்புக்குரிய விலங்குகளின் தோல் பட்டைகள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருவதால், அனுப்புமுன் அவற்றைக் கழற்றிவிடுவது வழக்கம். பட்டை இல்லாமல் வந்தால் பதற வேண்டாம், ஆனால் அசல் கொக்கி தனியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். நம்பகத்தன்மைக்கு ஏல நிறுவனம் தரும் உத்தரவாதம் சில ஆண்டுகளுக்கே, அதுவும் பெரும்பாலும் கேட்டலாக்கின் தலைப்பு வரியில் உள்ள தகவலுக்கே பொருந்தும். இடையில் மாற்றப்பட்ட பாகங்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது. எனவே ஐயம் எழுந்தால் தள்ளிப்போடாமல், வந்த சில வாரங்களுக்குள் சுதந்திரமான ஒரு வல்லுநரிடம் காட்டி எழுத்தில் கருத்துப் பெறுங்கள்.

பழுதுபார்க்கக் கொடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடிகாரத்தை வேலைக்கு விடும்போது, உறையை மெருகிடக்கூடாது, டயலையும் முட்களையும் தொடக்கூடாது, தவிர்க்க முடியாமல் மாற்றும் எந்தப் பாகமானாலும் பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்த அந்தச் சிறு திருகையும் தேய்ந்த குமிழையும் ஒரு காகித உறையிலிட்டு, மாற்றிய தேதியை மேலே எழுதி, ஏல ரசீது, நிலை அறிக்கை, மின்னஞ்சல் விடைகள் ஆகியவற்றோடு ஒரே கோப்பில் வையுங்கள். பின்னொரு நாள் இதே கடிகாரத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கப்போகிறவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.